பவுண் தேயாமல் இருக்க

2025 மே 2ஆம் திகதி, யுத்தம் முடிந்து பதினாறு ஆண்டு நிறையப்போகும் வேளையில், இறுதிப் போர்க்காலத்தில் வடக்கு கிழக்கில் மீட்கப்பட்ட தங்க, வெள்ளி நகைகளை இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது. அதற்கு முன்னர், 2014 செப்டம்பரில், ஒரு பகுதி நகை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டிருந்தது. வன்னிச் சனம் இதைப் பத்தோடு பதினொன்றாகப் படித்துவிட்டுப் போகவில்லை. 1994இல் விடுதலைப் புலிகள் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் நகையை அடைவு வைத்தவர்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இன்னும் இருக்கிறார்கள். அடைவுச் சீட்டு சிலரிடம் தப்பியிருக்கிறது. பலரிடம் இல்லை. ஊர் ஊராக இடம்பெயர்ந்து, பதுங்குகுழியில் நனைந்து, முள்ளிவாய்க்காலில் மற்ற எல்லாவற்றோடும் சேர்ந்து அதுவும் போய்விட்டது.

அப்படிப்பட்ட ஒருவரிடம் "உங்கட சங்கிலி எப்பிடி இருக்கும்?" என்று கேட்டுப்பாருங்கள். எத்தனை பவுண், எந்தப் பத்தர் செய்தது, கொளுக்கிக்குப் பக்கத்தில் எந்த வளையத்தில் ஒட்டுப் போட்டது என்பது வரை சொல்வார்கள். ஆனால் ஓர் அலுவலக மேசைக்கு அது போதாது. தாளில் இருக்க வேண்டும். அதற்குக் கடைசியில் வருகிறேன்; முதலில், கையில் இருக்கும் நகையைக் காப்பது பற்றி.

வீட்டு நகையைப் பராமரிப்பது என்றால் நம்மில் பலருக்கு மினுக்குவதுதான் நினைவுக்கு வருகிறது. புளி, பற்பசை, சோப்புத்தூள் என்று ஆளுக்கொரு கைமருந்து. பளபளப்பு மூன்றாம் இடத்துக்குரிய விடயம் என்பது என் கருத்து. முதலில் நிறை குறையாமல் இருக்க வேண்டும். அடுத்தது ஒட்டும் பொருத்தும் விட்டுப்போகாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கவனித்தால் மினுக்கம் தன்பாட்டில் வரும்.

கழுத்தில் கிடக்கும் வயல்

வன்னியில் ஒரு சங்கிலி ஆண்டு முழுவதும் கழுத்தில் கிடப்பது அபூர்வம். காலபோகத்துக்கு வயல் உழும்போது அது வங்கிக்குப் போகும். விதைநெல், உரம், உழவு இயந்திரக் கூலி எல்லாம் அதன் மேல்தான். தை, மாசியில் நெல் விற்றதும் மீட்கப்படும். சிறுபோகத்துக்கு மறுபடியும் போகும். பிள்ளையின் பல்கலைக்கழக அனுமதி, வீட்டுக்கு ஓடு போடுவது, வெளிநாட்டுக்குப் போகிறவனுக்கு முதல் கட்டணம் என்று இடையிலும் போய்வரும். யுத்தத்தில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியாகச் சுமக்கிற பெண்களுக்குக் காணி உறுதியும் ஒரு சோடித் தோடும்தான் சொத்து. இவற்றில் தோடுதான் அன்றைக்கே காசாகும்.

வங்கியின் தராசு அழகைப் பார்ப்பதில்லை. கல்லின் நிறையையும் அரக்கின் நிறையையும் கழிப்பார்கள். மிச்சத் தங்கத்தின் மாற்றை உரைத்துப் பார்ப்பார்கள். 2020இல் ஒரு இலட்சம் ரூபாவை எட்டிய பவுண், 2025இல் மூன்று இலட்சத்தைத் தாண்டியது. பவுண் என்பது எட்டுக் கிராம். ஆக, அந்த விலையில் ஒரு கிராம் ஏறத்தாழ நாற்பதாயிரம் ரூபா. பத்து ஆண்டில் ஒரு சங்கிலி அரைக் கிராம் தேய்ந்தால் இருபதாயிரம் ரூபா கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிறது என்று அர்த்தம். எந்தக் கள்ளனும் வரவில்லை, எந்தக் கொளுக்கியும் அறவில்லை. தேய்ந்தது, அவ்வளவுதான்.

எங்கே தேய்கிறது

உங்கள் சங்கிலியை ஒருமுறை கழற்றி, வெளிச்சத்தில் ஒரு வளையத்தை மட்டும் பாருங்கள். வளையத்தின் வெளிப்புறம் உருண்டையாக, செய்த நாளில் இருந்த தடிப்போடு இருக்கும். அடுத்த வளையம் வந்து கோக்கிற உட்புறத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பழைய சங்கிலியில் அந்த இடம் நூலளவுக்கு மெலிந்திருப்பதைக் காணலாம். கழுத்து அசையும் ஒவ்வொரு தடவையும் இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று அராவுகின்றன. நடுவில் மண் இருந்தால் இன்னும் வேகமாக அராவும்.

22 கரட் தங்கத்தில் 91.6 வீதம் தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும். அது மெதுமையான உலோகம். கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் தங்கம் மூன்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மணலில் இருக்கும் படிகக்கல் ஏழு. வன்னியின் செம்மண் புழுதியும் முல்லைத்தீவுக் கடற்கரை மணலும் தங்கத்தைக் கீறத் தாராளமாய்ப் போதும். வயலில் நின்றுவிட்டு வந்து சீலைத் தலைப்பால் சங்கிலியை அழுத்தித் துடைப்பது கெட்ட பழக்கம். புழுதியைத் தண்ணீரில் கழுவிப் போக்கிய பிறகுதான் துணி படவேண்டும்.

தாலிக்கொடியோடு மெல்லிய சங்கிலி ஒன்றையும் சேர்த்துப் போடுவது நம் வழக்கம். பாரமான கொடி மெல்லிய சங்கிலியைத் தின்றுவிடும். இரண்டும் ஒரே நீளத்தில் கிடந்தால் இன்னும் மோசம். ஒன்று மார்பளவு, மற்றது கழுத்தடி என்று வித்தியாசம் இருக்கட்டும். நித்திரைக்குப் போகும்போது கொடியைக் கழற்ற மனம் வராது, அதை யாரும் வற்புறுத்தவும் கூடாது. மற்றச் சங்கிலியையாவது கழற்றி வைக்கலாம்.

தோட்டில் தேய்வது சுரை. சுரையின் உள்மரையும் தோட்டுத் தண்டின் மரையும் மழுங்கினால், இறுக்கிய சுரை இரண்டு நாளில் தளரும். குளிக்கும்போது, தலை துவட்டும்போது, பிள்ளை காதைப் பிடித்து இழுக்கும்போது சுரை விழும், பின்னால் தோடும் விழும். வயல் வரம்பில் விழுந்த தோட்டைத் தேடிக் கண்டெடுத்தவர்கள் குறைவு. மாதம் ஒருமுறை சுரையைக் கழற்றி, தண்டைத் துடைத்து, திரும்பப் பூட்டும்போது விரலுக்குப் பிடிப்புத் தெரிகிறதா என்று பாருங்கள். பிடிப்பில்லாமல் வழுக்கிச் சுற்றினால் அன்றைக்கே பத்தரிடம் போக வேண்டும். புதுச் சுரை போடுவது சின்னச் செலவு.

ஒட்டைத் தின்னும் குளோரின்

கையால் செய்த நகைக்கும் அச்சில் வார்த்த நகைக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒட்டுகளில் இருக்கிறது. யாழ்ப்பாணம் கன்னாதிட்டியிலோ வவுனியாக் கடைத்தெருவின் பட்டறையிலோ ஒரு பத்தர் சங்கிலி செய்யும்போது, தங்கக் கம்பியை வளைத்து வெட்டி, ஒவ்வொரு வளையத்தையும் கோத்து, வாயைப் பொடியும் வெண்காரமும் வைத்து ஊதி ஒட்டுகிறார். அந்தப் பொடி நகையின் தங்கத்தைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும். அதற்காக அதில் வேறு உலோகங்கள் கூடுதலாகக் கலந்திருக்கும். எனவே நகை எங்காவது அறுந்தால் அநேகமாக ஒட்டில்தான் அறும்.

குளோரின் இந்த ஒட்டுகளைத் தாக்கும். தங்கத்தோடு கலந்திருக்கும் செம்பும் பொடியில் உள்ள உலோகங்களும் அரிக்கப்பட்டு, ஒட்டு பொறுக்கு விடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஒரு சின்ன இழுவையில் கழன்று வரும். வெள்ளம் வந்து வடிந்ததும் கிணறு இறைத்துக் குளோரின் இடுவது நமக்குப் பழகிப்போனது. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. குளோரின் உயிர் காக்கும் மருந்து, அதை வேண்டாம் என்று சொல்லவே கூடாது. கிணற்றுக்கு மருந்து போட்ட முதல் சில நாட்கள் நகையைக் கழற்றிவிட்டுக் குளியுங்கள், அவ்வளவே. கழிவறை கழுவும் திரவமும் வெள்ளைத் துணிக்குப் போடும் வெளிற்றியும் இன்னும் கடுமையானவை. மோதிரத்தோடு அவற்றில் கை வைக்காதீர்கள். ஆனையிறவு உப்பிலிருந்து குளோரினும் கோஸ்டிக் சோடாவும் எடுத்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒருகாலம் வன்னியின் பெருமையாக இருந்தது. உப்புக்குள் இவ்வளவு வீரியம் இருக்கிறது என்பதை அந்த ஊர்க்காரருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

வன்னிக் கிணற்று நீரில் இன்னொரு குணமும் உண்டு. பல இடங்களில் அது கடும் நீர். கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிகிற அந்தச் சுண்ணாம்பு, சவர்க்காரத்தோடு சேர்ந்து நகையின் இடுக்குகளிலும் படியும். தங்கம் மங்கிவிட்டது என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இந்தப் படிவைத்தான். தங்கம் இலேசில் மங்குவதில்லை.

கழுவும் முறை

இதற்குப் பழைய பத்தர்மார் வைத்திருந்த வழியே இன்றைக்கும் நல்லது. பூந்திக்கொட்டை நாலைந்தை உடைத்து விதையை எடுத்துவிட்டு, தோலை இளஞ்சூட்டு நீரில் ஊறவிடுங்கள். நுரை வரும். பூந்திக்கொட்டை கிடைக்காவிட்டால் குழந்தைகளுக்குப் பாவிக்கும் ஷாம்பூ சில துளி போதும். நகையை அதில் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பிறகு குழந்தைகளின் மெதுவான பல்துலக்கியால், முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் அதிக நேரம், அழுத்தாமல் தேயுங்கள். பவுடர், சந்தனம், தலை எண்ணெய், வியர்வை எல்லாம் பின்பக்கத்தில்தான் அடைந்து கிடக்கும்.

கழுவுவது எப்போதும் ஒரு கோப்பைக்குள் நடக்கட்டும். கிணற்றுக்கட்டிலோ ஓடும் குழாயின் கீழோ வேண்டாம். அலசக் கடைசியாக மழைநீரோ, வடிகட்டி விற்கும் ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்தால் சுண்ணாம்புத் திட்டு விழாது. சிறுநீரக நோய் காரணமாக வவுனியாப் பக்கம் ஆர்.ஓ. தண்ணீர் வாங்காத வீடு குறைவு. ஒரு கோப்பை இதற்கும் எடுத்துக்கொள்ளலாம். கழுவிய நீரை உடனே ஊற்றிவிடாமல் வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். கழன்ற கல் ஒன்று அதில் கிடக்கலாம். பருத்தித் துணியில் ஒற்றி, நிழலில் நன்றாக உலரவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

எல்லா நகையையும் இப்படி ஊறவிடக் கூடாது. பழைய சிவப்புக்கல் தோடுகளில் கல்லின் பின்பக்கத்தை மூடிக் கட்டியிருப்பார்கள். கல்லுக்கு ஒளி கொடுக்க அடியில் மெல்லிய தகடு வைத்திருக்கும். தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்து, கல் செத்துப்போனதுபோல் இருக்கும். அம்மம்மாவின் தோட்டுக்கு ஈரப்பஞ்சு மட்டும் போதும். அரக்கு நிரப்பிய காப்பு, அட்டியலைச் சுடுநீரில் போட்டால் அரக்கு இளகும். மரகதத்தின் உள்வெடிப்புகளை எண்ணெய் ஊட்டி மறைத்திருப்பார்கள். சூடும் சவர்க்காரமும் அந்த எண்ணெயை இழுத்துவிடும். முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. தேசிக்காய், புளி, வினாகிரி எதுவும் அவற்றில் படக்கூடாது. வியர்வை பட்டாலே முத்தின் தோல் மெல்ல மெல்லக் கெடும். வாசனைத் திரவியமும் பவுடரும் போட்டு முடித்த பிறகு முத்துமாலையைக் கடைசியாகப் போடுங்கள். கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்து வையுங்கள்.

வெள்ளிக் கொலுசு கறுப்பது வேறு கதை. காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து கறுப்புப் படலமாகிறது. பயிருக்குக் கந்தகத்தூள் அடிக்கிற வீட்டில் கொலுசு சீக்கிரம் கறுக்கும். கறுப்பைத் தேய்த்து எடுத்தால் அதோடு வெள்ளியும் போகும். ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசை அதில் படும்படி வைத்து, அப்பச்சோடா ஒரு மேசைக்கரண்டி போட்டு, கொதிநீர் ஊற்றுங்கள். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்திடம் போகும். கூழ்முட்டை மணம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெள்ளி வெள்ளியாகவே மிஞ்சும். கல்லோ முத்தோ பதித்த வெள்ளிக்கும், வேண்டுமென்றே கறுப்பேற்றிய வெள்ளிக்கும் இது ஆகாது. வெள்ளியை இறப்பர் பட்டியால் கட்டி வைக்காதீர்கள்; இறப்பரிலும் கந்தகம் உண்டு.

பற்பசையில் தேய்ப்பொருள் இருக்கிறது. சாம்பலும் அப்படியே. புளி, பித்தளைக் குத்துவிளக்கோடு நிற்கட்டும். உடைந்த காய்ச்சல்மானியின் பாதரசத்தைக் கையால் தொடவே கூடாது. அது உடம்புக்கு நஞ்சு. தங்கத்தில் பட்டால் உடனே கலந்து, மோதிரம் வெள்ளையாகிப் பலமிழக்கும். வீட்டில் அதைச் சரிசெய்ய முடியாது.

பனையோலையும் குன்றிமணியும்

தங்கத்தின் விலை ஏற ஏற, பனையோலையிலும் சிரட்டையிலும் சுடுமண்ணிலும் விதைகளிலும் செய்த நகைகள் நம் பெண்பிள்ளைகளின் காதுக்கு வந்திருக்கின்றன. அவற்றைச் செய்வதும் பெரும்பாலும் நம் ஊர்ப் பெண்களே. ஓலைத் தோட்டுக்கு ஈரமே எதிரி; மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். உலர்ந்த டப்பாவில், வறுத்து ஆறவைத்த அரிசி கொஞ்சம் சிறு பையில் கட்டி வையுங்கள். சுடுமண் நகை விழுந்தால் உடையும், தண்ணீரில் சாயம் விடும்.

குன்றிமணி கோத்த மாலை பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்தர்மார் ஒருகாலம் நிறுக்கப் பாவித்த அந்தச் சிவப்புக் கறுப்பு விதைக்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு உண்டு. முழு விதையை விழுங்கினால் ஓட்டின் காப்பால் தப்பலாம். மாலைக்காகத் துளையிட்ட விதைக்கு அந்தக் காப்பு இல்லை. மெல்லக்கூடிய வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் குன்றிமணி மாலை வேண்டாம். முழுச் சிவப்பான மஞ்சாடி விதை வேறு. ஆனாலும் எந்த விதை மாலையையும் குழந்தையின் கைக்கு எட்டாமல் வைப்பதே நல்லது.

பத்தரும் வாசலில் வருபவரும்

வாசலுக்கு வந்து "அம்மா, நகை மினுக்கித் தாறன்" என்று கேட்பவரிடம் எதையும் கொடுக்காதீர்கள். ஒரு பங்கு நைத்திரிக் அமிலமும் மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த இராசத் திராவகம் தங்கத்தைக் கரைக்கும். உங்கள் கண்முன்னாலேயே சங்கிலியை அதில் முக்கி எடுப்பார். சங்கிலி புதிதுபோல் மின்னும். கரைந்த தங்கம் அவருடைய கிண்ணத்தோடு போகும், பிறகு அதை அவர் மீட்டெடுத்துக்கொள்வார். நிறுத்துப் பார்த்தால்தான் உங்களுக்குத் தெரியும். இந்த ஏமாற்று இந்தியாவிலும் இலங்கையிலும் ஊர் ஊராக நடந்திருக்கிறது. தனியாக இருக்கும் வயதான அம்மாக்களைத்தான் இவர்கள் தேடுவார்கள்.

தெரிந்த பத்தரிடம் கொடுக்கும்போதும் நிறுத்துக் கொடுத்து, நிறுத்து வாங்குங்கள். இதில் யாரும் கோபிக்க ஒன்றுமில்லை. நல்ல பத்தர் தானாகவே தராசை முன்னால் எடுத்து வைப்பார். எத்தனை இடத்தில் ஒட்டுப் போட்டார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஒட்டும் நகையின் மாற்றைக் கொஞ்சம் குறைக்கும், அடுத்த தடவை வங்கியில் உரைக்கும்போது அது தெரியும். பல இடத்தில் மெலிந்துபோன சங்கிலியை ஒட்டி ஒட்டிப் பாவிப்பதைவிட, தேய்ந்த வளையங்களை மாற்றச் சொல்வது புத்தி. நமது பத்தர்மாரின் பிள்ளைகள் அந்தத் தொழிலை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள். கையால் செய்த நகையைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இருந்தால், அவரிடமே வேலையைக் கொடுத்துக் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

உள்ளே என்ன பரல்

வைகாசி விசாகப் பொங்கலுக்கு வன்னி முழுவதும் வற்றாப்பளைக்குப் போகும். உப்புநீரில் விளக்கெரியும் அந்தக் கோயிலின் அம்மன் கண்ணகி. அவளுடைய வழக்கே ஒரு நகை வழக்கு. அரண்மனைப் பொற்கொல்லனின் பொய்யை அவள் எதை வைத்து உடைத்தாள்? அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தன் நகையின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்திருந்தவள், பாண்டியனின் சபையில் அதை உடைத்துக் காட்டினாள். கோவலனிடம் அந்த அடையாளத்தைக் கேட்க மட்டும் ஒருவரும் இருக்கவில்லை.

நம் வீடுகளில் அந்த அடையாளம் தாயின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. அதை வெளியே எடுங்கள். ஒரு பயிற்சிக் கொப்பி போதும். ஒவ்வொரு நகைக்கும் ஒரு பக்கம்: பெயர், நிறை, கரட், எந்த ஆண்டு, யார் செய்தது, எங்கே ஒட்டு, எந்தக் கல் எத்தனை, யார் கொடுத்தது. கடைப் பற்றுச்சீட்டு இருந்தால் ஒட்டுங்கள்; சீட்டின் எழுத்து நாளடைவில் மங்கிப்போகும், அதனால் படமும் எடுங்கள். நகையை முன், பின், கொளுக்கி என்று மூன்று பக்கமாகத் தொலைபேசியில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாக் குற்றியை வைத்தால் அளவு தெரியும். வங்கியில் வைத்தால் அடைவுச் சீட்டை அன்றைக்கே படம் எடுத்து, தவணைத் திகதியைக் கொப்பியில் குறியுங்கள். தவணை தவறி ஏலத்துக்குப் போன நகை எத்தனையோ.

படங்களை வீட்டுக்குள் மட்டும் வைத்திருக்காதீர்கள். வீடு எரிந்தது, வெள்ளம் கொண்டுபோனது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியது எல்லாம் நமக்கு நடந்தவை. கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் சகோதரத்துக்கு, நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும், ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். முகநூலில் போடவேண்டாம்.

பொலிஸாரிடம் கையளிக்கப்பட்ட நகைகள் உரியவர்களுக்குப் போகவேண்டும். அதற்கு அரசு சீட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பழைய கலியாணப் படத்தில் தெரிகிற அட்டியலையும், செய்த பத்தரின் சாட்சியையும், அந்தத் தாயின் வாய்வார்த்தையையும் எடைபோட வேண்டும். உங்களிடம் ஒரு பழைய சீட்டோ, ஒரு கலியாணப் படமோ இருந்தால் இன்றே அதைப் பிரதி எடுத்து வையுங்கள். இல்லாவிட்டாலும், நினைவில் இருக்கிறதைத் திகதி போட்டு எழுதிக் கையெழுத்து வையுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுத வராது என்றால், நீங்கள் போயிருந்து எழுதிக்கொடுங்கள்.